ஆஃபரை ரத்து செய்யும் முன் ஒரு போன்

பெங்களூரு ஐடி நிறுவனங்களின் ஹெச்.ஆர். துறையினருக்கும், அவர்களுக்காகப் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் (வேலைக்கு வருபவரின் பழைய விவரங்களைச் சரிபார்ப்பது) செய்பவர்களுக்கும்,

வணக்கம்.

ரெஸ்யூமில் ஒரு வரி விட்டுப்போனதற்காக ஆஃபரை ரத்து செய்யும் முன், அந்த ஆளுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். நான் கேட்க வந்தது இவ்வளவுதான்.

எங்கள் டீமுக்கு ஆள் எடுக்கும்போது இன்டர்வியூவில் நானும் உட்காருகிறேன். போலி அனுபவச் சான்றிதழ் விற்கிறவர்கள் இருப்பது எனக்கும் தெரியும். கால் வைக்காத கம்பெனியில் நாலு வருடம் வேலை பார்த்ததாக எழுதி வருபவரைத் தாராளமாக வெளியே அனுப்புங்கள். நான் பேசுவது வேறு ரகம்.

தர்மபுரிப் பக்கத்துப் பெண் ஒருவர், மடிவாளாவில் பி.ஜி.யில் தங்கியிருப்பவர். முதலில் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பி.பி.ஓ.வில் சேர்ந்தார். நைட் ஷிஃப்ட் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் மூன்றாவது மாதமே நின்றுவிட்டார். அப்புறம் வேறொரு இடத்தில் மூன்று வருடம் டெஸ்டிங். புது வேலைக்கு ரெஸ்யூம் போட்டபோது அந்த பி.பி.ஓ.வை எழுதவில்லை. ஒரு பக்கத்துக்குள் முடி, சம்பந்தமில்லாததை எழுதாதே என்று சொல்லிக்கொடுத்ததும் நம்மைப் போன்றவர்கள்தானே!

யு.ஏ.என். என்கிற பி.எஃப். கணக்கு எண்ணைக் கொடுத்ததும், எங்கெல்லாம் வேலை பார்த்தார் என்று காட்டும் பி.எஃப். சர்வீஸ் ஹிஸ்டரியில் அந்தப் பெயர் வந்து நின்றது. போதாததற்கு, அவர் வேலையை விட்ட தேதியை அந்தக் கம்பெனி பதியவே இல்லை. ரெக்கார்டுப்படி பார்த்தால் மூன்று வருடமாக இரண்டு இடத்தில் வேலை. ஒரே நேரத்தில் வேறு இடத்திலும் வேலை பார்த்ததாக 2022-ல் விப்ரோ 300 பேரை வேலையை விட்டு அனுப்பியதிலிருந்து இந்த விஷயத்தில் எல்லோருக்கும் ஒரு பதற்றம். ஆஃபர் போய்விட்டது. பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்திருந்தால், அந்த மூன்று மாதத்துக்குப் பிறகு அங்கிருந்து ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று தெரிந்திருக்கும்.

விட்ட தேதியை 2020 முதல் ஊழியரே பி.எஃப். தளத்தில் ஆதார் ஓ.டி.பி. கொடுத்துப் பதியலாம். கடைசிச் சந்தா வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தால் போதும். அந்தப் பெண்ணுக்கு இது தெரியாது. சரி, வெரிஃபிகேஷனே தொழிலாக வைத்திருப்பவருக்குமா தெரியாது?

இன்னொன்று. பழைய இடத்தில் பேப்பர் போட்டு (ராஜினாமா கொடுத்து), நோட்டீஸ் பீரியட் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் உங்கள் ரிப்போர்ட் வருகிறது. சில இடங்களில் சேர்ந்த பிறகுகூட வருகிறது. அந்த நேரத்தில் கையை விரித்தால் அதுவும் இல்லை, இதுவும் இல்லை. இருபது பேர்கூட இல்லாத, பி.எஃப். பிடிக்காத சின்னக் கம்பெனியில் இருந்துவிட்டு மறைத்தவர் இந்தச் சோதனையில் தப்பிவிடுகிறார். ஒழுங்காகப் பிடித்தம் செய்த இடத்தில் இருந்தவர்தான் மாட்டுகிறார்.

ரெஸ்யூம் வேறு, நீங்கள் கையெழுத்து வாங்கும் படிவம் வேறு. ரெஸ்யூமில் எதைச் சொல்வது என்பது எழுதுபவர் விருப்பம். படிவத்தில் மறைத்தால் தப்புதான். என்னிடம் கேட்கிற தம்பி தங்கைகளிடம் அதில் எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் 'முந்தைய வேலைகள்' என்று போட்டு இரண்டு கட்டம் மட்டும் கொடுத்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? 'ஒரு வாரம் இருந்த வேலையையும் எழுதவும்' என்று அச்சடியுங்கள். அதற்கு மேலும் விட்டால் கேள்வி கேளுங்கள்.

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தன்னைப் பற்றிய தப்பான தகவலைத் திருத்தக் கேட்கும் உரிமை இருக்கிறது. ரிப்போர்ட்டைக் கண்ணில் காட்டாமல் எதைத் திருத்தக் கேட்பது? அதில் சந்தேகம் என்று மஞ்சளோ, பொருந்தவில்லை என்று சிவப்போ விழுந்தால் அதன் நகலை அவருக்கு அனுப்புங்கள். பதில் சொல்ல ஐந்து வேலை நாள் கொடுங்கள். அதுவரை ஆஃபரில் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒரு டீம் லீட்