அம்மாவின் சிறுநீரகக் கல் அறுவை சிகிச்சை: நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

அம்மா தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து மீண்டு வீடு வந்து சேர்ந்துவிட்டார். அந்த நாட்களில் நாங்கள் பட்ட பாட்டை நீங்கள் அனைவரும் அறிவீர்கள் என்பதால் அதை மீண்டும் விவரிக்கவில்லை. உங்களில் பெரும்பாலோர் பார்த்தேயிராத ஒருவருக்குத்தான் என் முதல் நன்றி. மருத்துவமனையின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பணிபுரியும் சகோதரி அவர்.

சிறுநீரகத்துக்குள் மான்கொம்பாகக் கிளைத்திருந்த கல்லை முதுகு வழியே துளையிட்டு உடைத்தெடுக்கும் பி.சி.என்.எல். சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முன் செய்த யூரின் கல்ச்சரில், அதாவது சிறுநீரிலுள்ள கிருமிகளை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில், பலவகைக் கிருமிகள் கலந்து வளர்ந்திருந்தன. மாதிரி எடுக்கையில் தோலில் உள்ள கிருமிகள் சேர்ந்துவிட்டால் இப்படி வருவதுண்டு. 'மறுபடி எடுத்து அனுப்பவும்' என்று ஒரு வரி எழுதியிருந்தாலே அவருடைய கடமை முடிந்திருக்கும். அவரோ புதிய டப்பாவை எடுத்துக்கொண்டு வார்டுக்கே வந்துவிட்டார். "அம்மா, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதை மட்டும் பிடிக்க வேண்டும், டப்பாவின் உள்பக்கம் கை படக் கூடாது" என்று கூச்சப்பட்ட அம்மாவுக்குப் பொறுமையாகச் சொன்னார். மூட்டுவலியால் தடுமாறிய அவரைக் கழிவறை வரை கைத்தாங்கலாக அழைத்துச் சென்று, வெளியே காத்திருந்து, லேபிளில் நேரத்தைக் குறித்துத் தாமே ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். அறை வெப்பத்தில் சிறுநீர் மணிக்கணக்கில் கிடந்தால் கிருமிகள் பெருகி முடிவு பிழையாகிவிடும் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன்.

இரண்டாவது மாதிரியில் புரோட்டியஸ் என்னும் ஒரே கிருமி, மில்லி லிட்டருக்கு 1,00,000-க்கும் மேல் வளர்ந்தது. அது யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவாக்கிச் சிறுநீரைக் காரத்தன்மை கொள்ளச் செய்வதால், தானே கல்லை வளர்த்து அதற்குள் குடியிருக்கும் கிருமி. கல்லை உடைக்கும்போது அது வெளிப்பட்டு, உள்ளே பாய்ச்சும் நீரின் அழுத்தத்தால் இரத்தத்தில் கலக்கக்கூடும். அறுவை மருத்துவர் சற்றும் தயங்காமல் சிகிச்சையைத் தள்ளிவைத்து, எந்த மருந்துக்கு அக்கிருமி கட்டுப்படும் என்று கல்ச்சர் காட்டியதோ அதையே ஊசியாகத் தொடங்கினார். பிறகு அறுவையின்போது சிறுநீரகத்திலிருந்து எடுத்த நீரையும் கல் துண்டுகளையும் தனியே கல்ச்சருக்கு அனுப்பினார். சிறுநீர்ப்பையிலிருந்து வரும் நீர் சுத்தமாக இருந்தாலும் கல்லுக்குள் கிருமி இருக்கலாம் என்று அவர் விளக்கியது அவ்வளவும் உண்மையாயிற்று. அன்றிரவு குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல் ஏறி இரத்த அழுத்தம் சரிந்தபோது, எந்த மருந்து என்று தேடி நேரத்தை இழக்க வேண்டிய நிலை மருத்துவர்களுக்கு இல்லை. பின்னர் வந்த கல்லின் கல்ச்சரிலும் அதே புரோட்டியஸ்தான் இருந்தது.

ஸ்கேன் படத்தையும் கல்லின் அளவையும் எல்லோரும் விசாரிக்கிறோம். ஒரு சிறு டப்பாவில் கொடுக்கும் நீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நானும் கேட்டதில்லை. அந்தச் சகோதரி அதை ஓர் உயிரின் காரியமாக எண்ணி நடந்துகொண்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம் கண் கலங்குகிறது.

அறுவை மருத்துவர், மயக்கவியல் மருத்துவர், தீவிர சிகிச்சைப் பிரிவின் செவிலியர்கள், தூய்மைப் பணியாளர்கள், இரத்தம் கொடுத்த தம்பியின் நண்பர்கள், வேளை தவறாமல் கஞ்சி கொண்டுவந்த எதிர்வீட்டு அத்தை, பணம் புரட்டித் தந்த சித்தப்பா ஆகிய அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நெஞ்சார்ந்த நன்றி.

இவ்வகைக் கல், துண்டு மிச்சமிருந்தாலும் மறுபடி வளரக்கூடியது என்பதால் அம்மாவுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை தொடரும். அதை ஒருமுறைகூடத் தவறவிட மாட்டேன். கல் அறுவைக்குச் செல்லும் உறவினர், நண்பர் யாராயினும், கல்ச்சர் முடிவு வந்துவிட்டதா, மருத்துவர் அதைப் பார்த்துவிட்டாரா என்று கேட்காமல் அவர்களை அனுப்பப் போவதுமில்லை.

நன்றியுடன்,
அம்மாவின் மகள்