அல்பிரசோலத்திலிருந்து டயசிபாமுக்கு

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பல் முளைத்ததில் சந்தோஷம். தம்பி விஷயத்துக்கு வருகிறேன்.

பதற்றத்துக்கு அல்பிரசோலம் காலை 0.5 மி.கி., ராத்திரி 0.5 என்று வருடக்கணக்காகப் போடுகிறவனை, மெல்லக் குறைப்பதற்காக டாக்டர் டயசிபாமுக்கு மாற்றச் சொல்கிறார். இரண்டும் ஒரே குடும்பத்து மருந்துதானே, எதற்கு இந்தச் சுற்று என்று கேட்கிறாய். குடும்பம் ஒன்றுதான், உடம்பில் தங்கும் நேரம் வேறு. அல்பிரசோலம் ஏறக்குறைய 11 மணி நேரத்தில் பாதியாகிவிடும். அடுத்த வேளை நெருங்கும்போதே கை நடுங்கி நெஞ்சு படபடப்பது அதனால்தான். பலர் அதை நோய் முற்றியதாக நினைத்து இன்னொரு அரை மாத்திரை கூட்டிக்கொள்கிறார்கள். டயசிபாம் பாதியாக ஒரு நாளுக்கு மேல் ஆகும். அது உடைந்து உண்டாகும் பொருளும் வேலை செய்யும், அதைவிட அதிக நாள் நிற்கும். இறக்கம் சீராக இருப்பதால் குறைப்பதற்குத் தோது.

அல்பிரசோலம் 0.5-க்கு டயசிபாம் 10 மி.கி. என்பது பொதுக் கணக்கு. ஆளுக்கு ஆள் மாறும். வயதானவர்களுக்கும் கல்லீரல் கெட்டவர்களுக்கும் அது அதிகமாகிவிடலாம். மாற்றுவதும் ஒரே நாளில் இல்லை. வழக்கமாக ராத்திரி வேளையில் தொடங்குவார்கள்: முதல் வாரம் ராத்திரிக்கு அல்பிரசோலம் 0.25, கூடவே டயசிபாம் 5. அடுத்த வாரம் ராத்திரிக்கு டயசிபாம் 10 மட்டும். பிறகு காலை வேளையும் அதே இரண்டு படி. தம்பியின் அளவை டாக்டர்தான் எழுத வேண்டும். அவர் எழுதிய தாளில் இந்த உருவம் தெரிகிறதா என்று பார். 0.25 மாத்திரையே தனியாகக் கிடைக்கிறது, 0.5-ஐ உடைக்க வேண்டியதில்லை. எஸ்.ஆர். (மருந்தை மெதுவாக வெளிவிடும் வகை) என்று போட்டிருந்தால் உடைக்கவே கூடாது.

டயசிபாம் சேர்ந்துகொண்டே போகிற மருந்து. முதல் நாள் பெரிதாகத் தெரியாமல் போகலாம். பத்தாம் நாள் காலையில் தள்ளாடலாம். அதனால் முழுதாக மாறி இரண்டு வாரம் ஆகும்வரை வண்டி ஓட்ட வேண்டாம். மது கூடவே கூடாது. வலிக்கு டிரமடாலும் வேண்டாம், மூச்சை அமுக்கிவிடும். நெஞ்செரிச்சலுக்கு ஒமிபிரசோல் போடுகிறானா? அது டயசிபாம் வெளியேறுவதைத் தாமதப்படுத்தும். வயிற்று மாத்திரைதானே என்று யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை.

பதற்றத்துக்கே இருக்கும், பழக்கமாகாத இன்னொரு மருந்தான பஸ்பிரோனுக்கு நேராகப் போகலாமே என்கிறாய். பெரிய ஆபத்து அங்கேதான். அது வேறு வாசலில் வேலை செய்வது. அல்பிரசோலம் நின்ற இடத்தை நிரப்பாது. இதை நிறுத்தி அதைத் தொடங்கினால் வலிப்பு வரை போகும். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் எஸ்சிடலோபிராமும் அந்த இடத்தை நிரப்பாது. அது வேலைக்கு வர சில வாரம் ஆகும், முதல் ஒன்றிரண்டு வாரம் பதற்றத்தைக் கூட்டவும் செய்யும். ஆகவே அதைச் சின்ன அளவில் முன்னதாகத் தொடங்கி, நிலைத்த பிறகே டயசிபாமைக் குறைப்பார்கள். ஒரே வாரத்தில் இரண்டையும் அசைத்தால், எது எதனால் வந்தது என்று டாக்டருக்கும் தெரியாது.

இன்னொரு பொறி, எஸ்சிடலோபிராமும் குளோனசிபாமும் சேர்ந்த மாத்திரை. நம் கடைகளில் ஏராளம். அதைத் தெரியாமல் கூடப் போட்டால் இதே குடும்பத்து மருந்து இரட்டிப்பாகும். பெட்டியின் பெயரைப் பார்க்காதே, பின்பக்கப் பொடி எழுத்தைப் படி.

டயசிபாமைக் குறைக்கும் வேகத்துக்கு, 2025-ல் அமெரிக்க மருத்துவ அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியில் ஒரு கணக்கு இருக்கிறது: முதலில் போடும் அளவில் 5 முதல் 10 விழுக்காடு குறைப்பது, இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு வாரத்தில் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. தூக்கம் கெட்டாலோ வியர்த்து நடுங்கினாலோ அதே படியில் நிற்க வேண்டியதுதான். வலிப்பு, இல்லாததைப் பார்ப்பது, ஆள் இடம் குழம்புவது என்றால் அந்த நிமிடமே அவசரப் பிரிவு.

டாக்டர் சீட்டில்லாமல் அல்பிரசோலமும் டயசிபாமும் கொடுக்க மாட்டார்கள், இரண்டும் எச்1 என்ற கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. கடைக்காரர் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். ஆகவே சீட்டு தீர ஒரு வாரம் இருக்கும்போதே போய்ப் புதுப்பித்துக்கொள்ளச் சொல். போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போகட்டும், ஒமிபிரசோல் உட்பட. டாக்டர் என்ன எழுதினார் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
ராகவன்