உறைந்த எலியும் நம் வீட்டுச் சமையலறையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளர்ப்புப் பிராணிகளைப் பற்றித் தங்கள் இதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையில், பிரித்தானியாவில் வாழும் தமிழர் வீடுகளிலும் இப்போது பாம்பு வளர்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று குறிப்பிட்டிருந்தீர்கள். உண்மைதான், எங்கள் வீட்டிலும் என் மகள் வளர்க்கும் ரோயல் பைதன் என்னும் மலைப்பாம்பு ஒன்று இருக்கிறது. பாம்பின் அழகையும், அதை வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டியையும், அதற்கு வேண்டிய வெளிச்சத்தையும் விரிவாகச் சொன்ன அந்தக் கட்டுரை, அதற்கு உணவாகும் உறைந்த எலியை எங்கே வைத்து இளகச் செய்வது, எப்படிச் சூடாக்குவது என்பதைப் பற்றி ஒரு வரியும் சொல்லவில்லை. இது முகம் சுளிக்க வைக்கும் பேச்சு என்பதை நான் அறிவேன். ஆனால், அந்த எலி துருவிய தேங்காய்க்கும் முருங்கைக்காய்ப் பொதிக்கும் பக்கத்தில் நம் ஃப்ரீசரில் கிடக்கும்போது, அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதால் யாருக்கும் நன்மையில்லை.

உறைந்த எலி எதற்கு, உயிருள்ளதையே போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. இயற்கையில் அப்படித்தானே என்பது அவர்கள் வாதம். காட்டில் பாம்புக்கு விலகிச் செல்ல இடமுண்டு, எலிக்கும் ஓடி ஒளிய வழியுண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டுக்கும் அது இல்லை. பசியில்லாத பாம்போடு இரவு முழுவதும் அடைபட்ட எலி, அந்தப் பாம்பின் முதுகைக் கடித்துக் குதறி முள்ளெலும்பு தெரியும் அளவுக்குப் புண்ணாக்கிவிடும். எலியின் பக்கம் நின்று பார்த்தாலும், அச்சத்தில் நடுங்கிச் சாவதைவிட வாயுவால் விரைவாகக் கொல்லப்பட்டு உறைய வைக்கப்படுவதே மேல். 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் நடைமுறையில் உள்ள இந்த நாட்டில், பொறுப்புள்ள வளர்ப்பாளர்கள் பெரும்பாலும் உறைந்த எலியையே கொடுக்கிறார்கள். ரோமம் முளைக்காத குட்டியான பிங்கி முதல் முழுவளர்ச்சி பெற்ற எலி வரை, அளவு வாரியாகப் பொதி செய்யப்பட்டே கடையில் கிடைக்கிறது.

அதைச் சூடாக்க வேண்டியிருப்பது பாம்பின் உடலமைப்பினால். ரோயல் பைதன் கானா, டோகோ, பெனின் முதலிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்குரியது. அதன் உதட்டோரத்தில் வெப்பத்தை உணரும் சிறு குழிகள் இருக்கின்றன. இரையின் உடற்சூட்டை வைத்தே இருட்டில் அதை அடையாளம் காண்கிறது. குளிர்ந்து கிடக்கும் எலியை அது பெரும்பாலும் திரும்பியும் பார்க்காது. அமெரிக்காவைச் சேர்ந்த கோர்ன் பாம்புக்கு அந்தக் குழிகள் இல்லை. மணம் பிடித்தே தின்னும் அது, அவ்வளவு சூடில்லாத எலியையும் ஏற்றுக்கொள்ளக்கூடும். ஆனாலும் நடுவில் உறைந்திருக்கும் எலி எந்தப் பாம்புக்கும் ஆகாது. வெளிச்சூட்டைக் கொண்டே செரிக்கும் உயிர் பாம்பு. வயிற்றுக்குள் பனிக்கட்டி போனால் செரிமானம் நின்று, இரை அழுகத் தொடங்கி, ஓரிரு நாட்களில் அதைக் கக்கிவிடும். கக்கும்போது வயிற்று அமிலம் தொண்டையைப் புண்ணாக்குவதால், அதன் பிறகு ஏறக்குறைய இரண்டு வாரமேனும் பட்டினி போட்டு ஆற விட வேண்டியிருக்கிறது.

ஆகவே அவசரம் கூடாது. எலியைக் காற்றுப் புகாத உறைக்குள் இட்டு, அதை இன்னோர் உறைக்குள் வைத்து, இதற்கென்றே ஒதுக்கிய மூடியுள்ள பெட்டியில் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி முதலில் இளக விட வேண்டும். சிறு சுண்டெலிக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆகிவிடும். பெரிய எலிக்கு இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். உறையின் மேலிருந்தே வயிற்றை இரு விரல்களால் மெதுவாக அழுத்திப் பார்த்தால், உள்ளே கட்டியாக ஏதும் தட்டுப்படக் கூடாது. அதன் பிறகுதான் சூடு. சுமார் 40 பாகை செல்சியஸ் உள்ள நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் உறையோடு வைத்தால், எலியின் மேற்புறம் உயிருள்ள எலியின் சூட்டுக்கு வந்துவிடும். தொடாமலே வெப்பம் காட்டும் சிறு வெப்பமானி ஒன்று இருந்தால் ஊகிக்க வேண்டியதில்லை. உறையிலிருந்து எடுத்ததும் காகிதத் துவாலையால் ரோமத்தை ஈரம் போக ஒற்ற வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியின் மரச்சீவல் ஒட்டிக்கொண்டு பாம்பின் வாய்க்குள் போய்விடும். நீண்ட இடுக்கியால் பிடித்து, தலைப்பக்கம் பாம்பை நோக்கியிருக்கும்படி நீட்ட வேண்டும். சூட்டைத் தேடிப் பாயும் பாம்பு விரலுக்கும் எலிக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை என்பதால், கையால் கொடுக்கும் பழக்கமே வேண்டாம்.

மைக்ரோவேவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது உடலின் ஓரிடத்தைக் கொதிக்க வைத்து மற்றோரிடத்தைப் பனியாகவே விட்டுவிடும். வெளியே தொட்டுப் பார்ப்பவருக்கு உள்ளே இருக்கும் சூடு தெரியாது, விழுங்கும் பாம்புக்கு வாயும் உணவுக்குழாயும் வெந்துபோகும். வயிறு வெடித்துச் சிதறுவதும் நடக்கும். கொதிநீரை ஊற்றுவதும் ஏறக்குறைய அதே கதைதான்: தோல் வெந்து கிழிந்து, குடல் வெளியே வந்துவிடும். இவையெல்லாம் நாம் மறுநாள் சோறு சூடாக்கும் பெட்டியில் நடக்கலாமா என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்க வேண்டும்.

நான் இந்தக் கடிதத்தை எழுதத் துணிந்ததன் காரணம் அந்தக் கேள்விதான். உறைய வைப்பதால், வயிற்றோட்டத்தையும் காய்ச்சலையும் உண்டாக்கும் சால்மனெல்லாக் கிருமி சாவதில்லை. உறக்கத்தில் கிடக்கிறது, அவ்வளவே. பாம்பு விரும்பும் அந்த 37, 38 பாகைச் சூடுதான் கிருமி பெருகுவதற்கும் மிக உகந்த சூடு. கோழியானால் நன்றாக வேக வைத்துக் கிருமியைக் கொன்றுவிடலாம். பாம்புக்குக் கொடுக்கும் எலியை வேக வைக்க முடியாது. எனவே, கொல்ல முடியாத கிருமியை ஓரிடத்தில் அடைத்து வைப்பது ஒன்றே நமக்கிருக்கும் வழி. எத்தனை கவனமாக இருந்தாலும் சமையலறைத் தொட்டியில் அந்த நீரைக் கொட்டினால் அவ்வளவும் வீண்.

இது வெறும் அச்சமூட்டல் அன்று. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநில நிறுவனம் ஒன்று 2010ஆம் ஆண்டில் தன் உறைந்த எலிகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற நேர்ந்தது இந்தக் கிருமியால்தான். இங்கே பிரித்தானியாவில் 2015 முதல் ஒரே வகைச் சால்மனெல்லாவால் 800க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். அவர்களில் பலர் குழந்தைகள். அதற்கும் லிதுவேனியாவிலிருந்து இறக்குமதியான தீவன எலிகளுக்கும் தொடர்பிருப்பது கண்டறியப்பட்டு, 2022 பெப்ரவரியில் அங்கிருந்து அவை வருவது தடுக்கப்பட்டது. தடை வந்துவிட்டதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. பொதியின் மேல் எந்த நாட்டின் பெயர் இருந்தாலும், உள்ளே கிருமி இருக்கிறது என்று எண்ணியே கையாள வேண்டும். பாம்பும் அதே கிருமியைத் தன் குடலில் நோயின்றிச் சுமந்து, எச்சத்தில் வெளியேற்றக்கூடியது.

நம் வீடுகளின் அமைப்பையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பாட்டியும் பேரப்பிள்ளையும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் வீடுகள் நம்மிடையே நிறைய. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைந்தவர்கள் ஆகியோருக்கே சால்மனெல்லா பெருங்கேடு செய்கிறது. ஒரு வீட்டில் பதினைந்து வயது மகன் தன் அறையில் வளர்க்கும் பாம்புக்காகச் சமையலறைத் தொட்டியில் எலியை இளக வைத்துவிட்டுப் போக, அரை மணி நேரம் கழித்து அதே தொட்டியில் அம்மம்மா அரிசி களைகிறார். அவருக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். பல வீடுகளில் சொன்னால் சண்டை வரும் என்று மறைத்தே செய்கிறார்கள். பாம்பை ஏற்றுக்கொண்ட குடும்பம், எலியையும் வெளிப்படையாக ஏற்றுக்கொள்வதே பாதுகாப்பானது. மூடி உள்ள தனிப் பெட்டி, தனி வாளி, தனி இடுக்கி, முடிந்தால் சிறிய தனி ஃப்ரீசர். இவை இருக்க வேண்டிய இடம் கராஜ் அல்லது துணி துவைக்கும் அறை. பயன்படுத்திய நீரைக் கழிப்பறையில் ஊற்ற வேண்டும். பாம்பு தொடாத எலியை மீண்டும் உறைய வைக்காமல், இரட்டைப் பையில் கட்டிக் குப்பையில் போட வேண்டும். கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவாமல் கதவின் கைப்பிடியைக்கூடத் தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டு விதி. சின்னக் குழந்தைகள் அந்நேரம் அந்த அறைக்குள் வரவே கூடாது.

விற்பவர்களின் பொறுப்பைப் பற்றியும் ஒரு சொல். எங்களுக்கு எலி விற்ற கடையில் "வெந்நீரில் போட்டால் போதும்" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. எழுத்தில் எதுவும் தரவில்லை. ஒரே ஒரு தாளில், வீட்டுப் பெரியவர்கள் வாசிக்கக்கூடிய மொழிகளிலும் இந்த முறைகளை அச்சிட்டுப் பொதியோடு கொடுப்பதற்கு ஆகும் செலவு அற்பமானது. அவர்கள் செய்யும் வரை, தங்கள் இதழின் மருத்துவப் பக்கத்தில் ஒரு மூலையேனும் இதற்கு ஒதுக்க வேண்டுமென்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

அப்படி வெளியிடும்போது இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாம்புள்ள வீட்டில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சலோடு வயிற்றோட்டமும் வயிற்றுவலியும் வந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் வீட்டில் பாம்பு இருப்பதையும் உறைந்த எலி கையாளப்படுவதையும் பெற்றோர் அவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
ஹரோ, லண்டன்