உ.வே.சா. நினைவு இல்லத்துல பசங்க கையில தொட ஒரு ஓலை வேணும்

ஆசிரியருக்கு வணக்கம்.

டெல்டா கோயில்கள் பத்தி உங்க பத்திரிகையில நிறைய வருது, சந்தோஷம். ஆனா பாபநாசம் பக்கத்துல உத்தமதானபுரத்துல உ.வே.சாமிநாதையர் வீடு நினைவு இல்லமா இருக்குன்னு எங்க கும்பகோணத்துலயே எத்தனையோ பேருக்குத் தெரியல. கும்பகோணம் காலேஜ்ல வாத்தியாரா இருந்துக்கிட்டேதான் அவர் 1887ல சீவக சிந்தாமணியையும் 1894ல புறநானூறையும் அச்சுல கொண்டு வந்தார், நம்ம ஊர் மனுஷர்.

லீவுல பசங்களை கூட்டிட்டு போயிருந்தோம். ஏகாதசி அன்னைக்கு மறந்துபோய் வெத்தலை போட்டுட்ட ராஜா அதுக்குப் பரிகாரமா 48 வீடும் 24 கிணறும் கட்டி தானமா கொடுத்த ஊர்னு உ.வே.சா.வே தன் சரித்திரத்துல எழுதியிருக்கார், அந்தக் கதையை சொன்னதும் பசங்க தெருவுல கிணறு தேட ஆரம்பிச்சுட்டாங்க. உள்ள போய் போட்டோக்களைப் பார்த்தாங்க. அப்புறம் என் பொண்ணு, "இவர் என்னம்மா பண்ணினார்?"னு கேட்டா. பழைய புத்தகங்களைத் தேடி அச்சு போட்டார்னு சொன்னா அவளுக்கு அது பெரிய விஷயமா படல.

படாதுதான். தஞ்சாவூர் சரஸ்வதி மகால்ல ஓலைச்சுவடியைக் கிட்ட வச்சுப் பார்த்தவங்களுக்குத்தான் அந்த உழைப்பு புரியும். விரல் அகலத்துல நீளமா ஓலை, கயிறு கோக்க ஓட்டை, எழுத்தாணியால கீறின நெருக்கமான வரி. புள்ளி இருக்காது, எது குறில் எது நெடில்னு தெரியாது, சொல்லுக்கு நடுவுல இடைவெளி கிடையாது, பாட்டு எங்க முடியுது உரை எங்க ஆரம்பிக்குதுன்னும் தெரியாது, பாதி ஓலை செல்லரிச்சு நொறுங்கி வேற இருக்கும், இப்படி ஊர் ஊரா அலைஞ்சு வாங்கின பிரதிகளை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுத்தான் நாம இன்னைக்கு படிக்கிற பாட்டை எடுத்துக் கொடுத்தார்.

அதனால அந்த வீட்டுல ஒரு மேஜை போட்டு பதப்படுத்தின வெத்து ஓலையும் எழுத்தாணியும் வைக்கணும், வர்ற பசங்க அவங்கவங்க பேரை ஒரு தடவை கீறிப் பார்க்கட்டும். பக்கத்துலயே ஒரு சுவடியோட பெரிய படமும் அதே பாட்டு அச்சுல வந்த பக்கமும் மாட்டலாம். பெருசா செலவு ஆகாது. சென்னை திருவல்லிக்கேணியில அவர் வாழ்ந்த தியாகராஜ விலாசத்தை 2012ல இடிச்சுட்டாங்க, அது இன்னும் மனசை அறுக்குது. இருக்கிற இந்த வீட்டையாவது நல்லா பயன்படுத்தணும். பாபநாசத்துலேர்ந்து வழி காட்ட நல்ல போர்டு வைக்கச் சொல்லியும் நீங்க எழுதினா உதவியா இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கும்பகோணம்