உடம்பைப் பற்றி நாம் விடும் சொற்கள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வரும் பருவத்திலிருந்து மாணவிகளின் எடையும் உயரமும் மருத்துவ அறையில், தனித்தனியாகத்தான் எடுக்கப்படும். அளவை யாரும் உரக்கப் படிக்க மாட்டார்கள், பட்டியலும் வகுப்பில் ஒட்டப்படாது. விளையாட்டு உடையில் தளர்வான முழுக்கால் சட்டையும் போடலாம். இதற்கெல்லாமா ஒரு கடிதம் என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது.

தன் உடம்பு தனக்குப் பிடிக்கவில்லை என்று ஒரு பெண் பிள்ளை சொன்னால், கண்ணாடி முன் நிற்கும் வயசு, தானாகச் சரியாகும் என்று தள்ளிவிடுகிறோம். இல்லையென்றால் பழியைத் தூக்கி செல்போன் மேல் போடுகிறோம். இரண்டிலுமே நாம் சுலபமாகத் தப்பித்துக்கொள்கிறோம்.

திரைக்குப் பங்கில்லை என்று நான் சொல்லவில்லை. பிஜி நாட்டின் ஒரு பகுதிக்கு 1995-இல்தான் தொலைக்காட்சி வந்தது. நிறைந்த உடம்பையே நலமாகவும் அழகாகவும் கருதிய மக்கள் அவர்கள். மனநல மருத்துவரும் மானிடவியலாளருமான ஆன் பெக்கர் அந்த ஆண்டிலும் 1998-இலும் அங்குள்ள பள்ளி மாணவிகளிடம் விசாரித்தார். எடை குறைக்க வேண்டுமென்றே வாந்தி எடுத்ததாகச் சொன்னவர்கள் முதல் முறை ஒருவர்கூட இல்லை. மூன்று ஆண்டு கழித்து, 11 சதவீதம். பிரான்ஸில் 2017 முதல், உடம்பை மெலிதாக்கியோ பருமனாக்கியோ திருத்திய விளம்பரப் படங்களில் அதைக் குறிப்பிட்டாக வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் இப்படிப்பட்ட குறிப்புகளால் பெரிய பலன் இல்லை என்றே பெரும்பாலான ஆய்வுகள் காட்டுகின்றன. திருத்திய படம் என்று தெரிந்தாலும் ஒப்பிட்டுப் பார்ப்பதை மனம் நிறுத்துவதில்லை.

சரி, ஒப்பிட யார் கற்றுக்கொடுக்கிறார்கள்? பருவமடையும் வயதில் பெண்களுக்கு எடை கூடுவதும், இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பு சேர்வதும் வளர்ச்சியின் பகுதி. சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் "என்ன, இப்படிக் குண்டாகிட்டே போற?" என்று கேட்கிறோம். அக்கறையில் கேட்பதுதான், தெரியும். ஆனால் வீட்டில் எடையைச் சொல்லிக் கிண்டல் செய்யப்படும் பிள்ளைகளிடம் முறையற்ற உணவுப் பழக்கங்கள் அதிகம் காணப்படுகின்றன. பாராட்டும் சும்மா இருப்பதில்லை. காய்ச்சலில் படுத்து எழுந்து வந்தவளைப் பார்த்து "மெலிஞ்சு அழகாயிட்டியே" என்கிறோம். அப்படியானால் போன மாதம் நான் அழகாக இல்லையா என்றுதான் அவள் கணக்குப் போடுவாள்.

அம்மாக்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அப்பா, அண்ணன், மாமா விடும் வேடிக்கைப் பேச்சு பல நேரம் இன்னும் ஆழமாகக் குத்துகிறது. பருமனான பிள்ளைகளுக்கு மட்டும் வரும் கவலை என்பதும் தவறு. ஒல்லி, குள்ளம், நிறம், முகப்பரு, முடி என்று எதை வைத்தும் ஒரு பிள்ளையைக் கூச வைக்க முடியும்.

வகுப்பில் இது வேறு உருவத்தில் தெரிகிறது. விளையாட்டு நேரத்தில் உடம்பு சரியில்லை என்று ஒதுங்குவது, குழுப்படம் எடுக்கும்போது பின்வரிசைக்கு ஓடுவது, தெரிந்த பதிலைச் சொல்லக்கூட எழுந்து நிற்கத் தயங்குவது. மதிப்பெண் குறைந்தால்தான் பலர் விசாரிக்க வருகிறார்கள். அதற்கு முன்பே இவை தொடங்கிவிடுகின்றன.

வீட்டில் உங்கள் மகள் வேளைச் சாப்பாட்டைத் தவிர்த்தாலோ, சாப்பிட்ட உடனே குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாலோ, மாதவிடாய் நின்றுபோனாலோ, அடிக்கடி மயக்கம் வந்தாலோ மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எடை குறையட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். பார்வைக்கு நல்ல உடம்போடு இருக்கும் பிள்ளைக்கும் உணவுக் கோளாறு, அதாவது சாப்பிடும் முறையே கெட்டுப்போகும் மனநலப் பாதிப்பு, இருக்கலாம். வகுப்பாசிரியரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்கள் சொல்வது மற்ற மாணவிகள் காதுக்குப் போகாது. என்னை நேரில் பார்க்க விரும்பினால், பள்ளி முடிந்ததும் வரலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்