ரிச்சி ஸ்ட்ரீட் டப்பா

டேய் மாப்ள,

ஆடியில் எழுதுகிறேன் என்றவன் தையில் எழுதுகிறேன். திட்டிவிட்டு மேலே படி. இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்ததா?

விஷயம் இதுதான். 2009ல் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் நாள் முழுக்கப் பேரம் பேசி ஒரு கம்ப்யூட்டர் வாங்கினோமே, அந்த டப்பாதான் இப்போது எங்கள் வீட்டு இன்டர்நெட்டைப் பிரித்துக் கொடுக்கும் ரவுட்டர்! இணைப்போடு வந்த ரவுட்டர் தினம் நாலு முறை தொங்கியது. பொறுக்க முடியாமல் பரணிலிருந்து இதை இறக்கி, தூசி தட்டி, நெட் கேபிள் மாட்ட இன்னொரு லேன் கார்டு செருகி, டெபியன் லினக்ஸ் போட்டேன். ஒரு கார்டில் வந்ததை மறு கார்டுக்குத் தள்ளிவிட ஐபி ஃபார்வர்டிங்கை 1 ஆக்கி, வீட்டுக் கருவிகள் எல்லாம் ஒரே முகவரியில் வெளியே போக என்எஃப்டேபிள்ஸில் மாஸ்கரேட் ஒரு வரி, அவற்றுக்கு வீட்டுக்குள் முகவரி கொடுக்க டிஎன்எஸ்மாஸ்க். பழைய ரவுட்டர் வெறும் வைஃபை வேலையோடு சமர்த்தாக இருக்கிறது. அரை நாளில் முடிந்தது, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அப்புறம்தான் கூத்து. பிங் போகிறது, தேடல் வருகிறது, பேங்க் தளம் மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கிறது. டப்பாவிலேயே உட்கார்ந்து, பக்கத்தை இறக்கும் கர்ல் கட்டளை அடித்தால் அதே பக்கம் டக்கென்று வருகிறது! மூன்று ராத்திரி போச்சு. கடைசியில் எல்லாம் 8 பைட் செய்த வேலை. நெட் கம்பெனியோடு இணைக்கும் பிபிபிஓஇ முறை தன் தலைப்புக்கு 8 பைட் எடுத்துக்கொள்வதால், ஒரு பாக்கெட்டுக்கு உள்ள 1500 பைட்டில் மிச்சம் 1492தான். டப்பாவுக்கு அது தெரியும், பின்னால் இருக்கும் லேப்டாப்புக்குத் தெரியாது, அது பழைய கணக்கிலேயே கேட்கிறது. பேங்க்கிலிருந்து பெரிய பாக்கெட் வந்து நுழைய முடியாமல் விழுகிறது, 'சின்னதாக அனுப்பு' என்று திரும்பிப் போக வேண்டிய ஐசிஎம்பி என்ற எச்சரிக்கைத் தகவலை வழியில் எவனோ மறித்து வைத்திருக்கிறான். எம்எஸ்எஸ்ஸை, அதாவது ஒரு பாக்கெட்டில் ஏற்றும் சரக்கின் உச்ச அளவை, 1452க்குக் குறைக்க (மற்ற தலைப்புகளுக்கு இன்னும் 40 போய்விடும்) ஒரு வரி சேர்த்தேன், பேங்க் திறந்தது. மணி இரண்டரை. வீட்டில் யாரையும் எழுப்பிச் சொல்லவும் முடியாது, சொன்னால் அடிதான் விழும்.

இவள் கணக்கு வேறு. டப்பா 60 வாட் இழுக்கிறது, இரண்டு மாதத்துக்கு 86 யூனிட். "கவர்மெண்ட் ஓசியில கொடுக்கிற 100 யூனிட்டையும் உங்க டப்பாவே தின்னுடும் போல" என்கிறாள். பதில் இல்லை. கரண்ட் போய் வந்தால் கீபோர்டு இல்லையென்று புலம்பி, அதற்கு எஃப்1 அழுத்தச் சொல்லி நிற்கும் அழகு வேறு.

ஒன்று சொல்ல மறந்தேன். டிஸ்க்கை அழிக்குமுன் பார்த்தால் உன் பெயரில் ஒரு ஃபோல்டர், 2010ல் போட்டது. திறக்கவில்லை, சத்தியமாக. பென்டிரைவில் ஏற்றி வைத்திருக்கிறேன். அன்று நம்ம சிநேகிதன் மொட்டையோட கல்யாணத்தில் நான் பேசியது தப்புடா. வந்து வாங்கிக்கொள், வரும்போது ஒரு கீபோர்டு கொண்டு வா.