காய் சங்கத்துக்கு, கண்ணாடி எனக்கா?

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழுவில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

இதைச் சங்கத்து வாட்ஸ்அப்பில் போட்டால் பத்து நிமிஷத்தில் நாலு குட் மார்னிங் படத்துக்கு அடியில் போய்விடும். அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம் என்றால் அதன் சாவி செயலாளரிடம் இருக்கிறது. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். போன மாதம் ஒரு விடியற்காலை, நாலரை மணி இருக்கும், சி பிளாக் ஓரத்துத் தென்னையில் இருந்து ஒரு நெற்று விழுந்து என் அம்பாசடரின் பின் கண்ணாடி போனது. 1998 மாடல், இசுசு இன்ஜின் வைத்த 1800, அப்பா வாங்கியது. யாரோ பட்டாசு கொளுத்திவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கீழே ஓடி வந்து பார்த்தால் வாட்ச்மேன் அண்ணன் டார்ச் அடித்துக்கொண்டு நிற்கிறார், பின்சீட்டில் வாடகைக்கு ஏறிய ஆள் மாதிரி தேங்காய் உட்கார்ந்திருக்கிறது, மட்டையில் ஒரு கீறல் கிடையாது.

அப்புறம் நடந்ததுதான் இந்த மடலுக்குக் காரணம். வளாகத்தில் விழும் காய் பொதுச் சொத்து, யாரும் எடுத்துக்கொண்டு போகக்கூடாது என்று நீங்கள் ஒரு தீர்மானம் போட்டு வைத்திருக்கிறீர்கள் இல்லையா, அதன்படி வாட்ச்மேன் அண்ணன் கண்ணாடித் தூளைத் தட்டிவிட்டு அந்தக் காயை எடுத்துக்கொண்டு போய் நோட்டில் 'தேங்காய் 1' என்று எழுதி, விடிந்ததும் செயலாளர் வீட்டில் சேர்த்துவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை, சொன்னதைச் செய்தார். ஆனால் அதே நோட்டை நான் வாங்கிப் பார்த்தேன். அன்றைய பக்கத்தில் தண்ணீர் லாரி வந்த நேரம் இருக்கிறது, தேங்காய் 1 இருக்கிறது, என் கண்ணாடியைப் பற்றி ஒரு வரி இல்லை.

காய் சங்கத்துக்குச் சொந்தம் என்றால் அது உடைத்ததும் சங்கத்தைச் சேர்ந்ததுதானே? நான் கேட்பது இவ்வளவுதான்.

இதற்கு உங்களிடம் இருந்து மூன்று பதில் வந்தது. முதல் பதில், இது இயற்கை, யாரும் பொறுப்பில்லை. புயலில் மரம் சாய்ந்தால் அப்படிச் சொல்லலாம். அன்றைக்குக் காற்றே இல்லை. தென்னைக்கு ஒன்றரை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆள் ஏறிக் காய் இறக்கவேண்டும் என்று தோப்பு வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நம் மரத்தில் கடைசியாக ஆள் ஏறியது பொங்கலுக்கு முன்னால். மரமேறுகிறவர் கூலியை ஏற்றிக் கேட்டார் என்று நிறுத்தினீர்கள், அப்புறம் வேறு ஆள் பார்க்கவே இல்லை. ஐம்பது அடி உயரத்தில் இருந்து எதிலும் படாமல் விழுகிற காய் கீழே வரும்போது மணிக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது, பள்ளிக்கூடத்தில் போட்ட கணக்குத்தான். அதே இடத்தில்தான் சாயங்காலம் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள்.

இரண்டாவது, காப்பீட்டில் வாங்கிக்கொள்ளுங்களேன் என்று பொருளாளர் சொன்னது. சார், இந்த வயசுக் காருக்கு முழுக் காப்பீடு போட்டால் கட்டுப்படியாகாது, என்னிடம் இருப்பது வெறும் தேர்டு பார்ட்டி, அதாவது என் காரால் பிறருக்கு வரும் சேதத்துக்கு மட்டுமான காப்பீடு. முழுசாகப் போட்டிருந்தால் கண்ணாடிக்குத் தேய்மானம் கழிக்க மாட்டார்கள் (ரப்பர், பிளாஸ்டிக் என்றால் பாதி கழிப்பார்கள்), ஆனால் 1500 சிசிக்கு மேற்பட்ட கார் என்பதால் முதல் 2,000 ரூபாய் நம் கையை விட்டுப் போகும், பணம் கேட்காத வருஷத்துக்குத் தரும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் சேர்ந்து போகும். இதில் வேடிக்கை ஒன்று இருக்கிறது. நான் ரிவர்ஸ் எடுக்கும்போது உங்கள் தென்னையை இடித்துச் சாய்த்திருந்தால், பிறர் சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்கு என்று அதே தேர்டு பார்ட்டியில் 7.5 லட்சம் வரை இடம் இருக்கிறது, சங்கம் தாராளமாகக் கேட்டிருக்கலாம். தென்னை என் காரை இடித்தால் மட்டும் ஒரு பைசா கிடையாது.

மூன்றாவதுதான் ரொம்ப வலித்தது. பத்து நாள் கழித்து ஒரு நோட்டீஸ்: '15 ஆண்டு தாண்டிய வாகனங்களை அரசு விதிப்படி மாத இறுதிக்குள் வளாகத்தில் இருந்து அப்புறப்படுத்தவும்.' பெயர் போடவில்லை, போடத் தேவையும் இல்லை, வளாகத்தில் அப்படி இருப்பது என் கார் ஒன்றுதான்.

எந்த அரசு விதி? டீசல் 10, பெட்ரோல் 15 என்பது டெல்லி வட்டாரத்துக்கு வந்த உத்தரவு. 2023 ஏப்ரலில் இருந்து 15 ஆண்டு தாண்டினால் பதிவு ரத்து என்பது அரசாங்கத்தின் சொந்த வண்டிகளுக்கு. நம் ஊரில் தனியார் கார் என்றால் 15 வருஷம் முடிந்ததும் ஆர்டிஓவிடம் கொண்டுபோய்க் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். நான் 2013, 2018, 2023 என்று மூன்று முறை புதுப்பித்துவிட்டேன், 2028 வரை ஆர்சி செல்லும். கடைசித் தடவை கட்டணம் மட்டுமே 5,000 ரூபாய். 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025-இல் அதை 10,000 ஆக்கிவிட்டார்கள், அடுத்த தடவை அதையும் கட்டத்தான் போகிறேன். அரசாங்கம் பார்த்து, சோதித்து, பணமும் வாங்கிக்கொண்டு ஓட்டு என்று சொன்ன காரை நிறுத்தக்கூடாது என்று சொல்ல நாம் யார்?

சரி, பழைய காருக்கு ஒரு கண்ணாடி மாற்றுவதில் அப்படி என்ன சிரமம் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். சொல்கிறேன்.

முன்பக்கக் கண்ணாடி இரண்டு தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது, கல் பட்டால் விரிசல் விழும், ஆனால் இடத்தை விட்டு நகராது. பின் கண்ணாடி வேறு சாதி. 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று காற்றடித்துக் குளிர்விப்பார்கள். வெளிப்பரப்பு முதலில் இறுகிவிடும், உள்ளே இருப்பது பிறகு சுருங்கப் பார்க்கும், அந்த இழுபறிதான் அதற்குப் பலம். எங்காவது ஓரிடத்தில் அந்தக் கட்டு அறுந்தால் மொத்தமும் ஒரே நொடியில் கல்கண்டு கல்கண்டாக உதிர்ந்துவிடும். ஆளைக் கிழிக்காது, நல்லதுதான். ஆனால் ஒட்டுப் போடவும் முடியாது. என் காரில் ஓர் ஓரம் மட்டும் உள்ளங்கை அளவுக்கு உதிராமல் நின்றது. அங்கே அப்பா ஒட்டிய 'வேலும் மயிலும் துணை' ஸ்டிக்கர். துண்டுகள் எல்லாம் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு தொங்கின, 'மயிலும்' மட்டும் கிழிந்திருந்தது. அதை அப்படியே எடுத்து ஒரு பழைய டிபன் டப்பாவில் வைத்திருக்கிறேன்.

தூள் அள்ள மூன்று நாள் ஆனது. பின்சீட்டைக் கழற்றி, சீட்டுக்குப் பின்னால் உள்ள தட்டில் ஸ்பீக்கர் ஓட்டை வழியாக டிக்கிக்குள் போனதை எல்லாம் வேக்குவம் போட்டு இழுத்து, இன்னும்கூடப் பள்ளத்தில் இறக்கினால் எங்கேயோ சலசலக்கிறது.

அப்புறம் கண்ணாடி தேடல். அம்பாசடர் தயாரிப்பை 2014-இல் கல்கத்தா பக்கத்து உத்தர்பாரா ஆலையில் நிறுத்திவிட்டார்கள். சென்னையில் கார் உதிரிபாகம் விற்கும் ஜி.பி. ரோட்டில் மூன்று கடை ஏறினேன், இரண்டு இடத்தில் சிரித்தார்கள், ஒருவர் நம்பர் வாங்கி வைத்துக்கொண்டார், இன்னும் கூப்பிடவில்லை. டிங்கரிங் பட்டறை ஒன்றில் சாதாக் கண்ணாடியை அறுத்துப் போட்டுத் தருகிறேன், இல்லாவிட்டால் அக்ரிலிக் போடலாம் என்றார்கள். அது கூடவே கூடாது. சாதாக் கண்ணாடி உடைந்தால் கத்திதான், பின்சீட்டில் உட்காருவது என் பெண். மோட்டார் வாகன விதி 100 பின் கண்ணாடிக்கும் பாதுகாப்புக் கண்ணாடியோ அதற்கு ஈடாகத் தரம் பெற்ற பொருளோதான் வேண்டும், 70 சதவீத வெளிச்சம் உள்ளே வரவேண்டும் என்கிறது. போதாததற்கு அம்பாசடரின் பின் கண்ணாடி வளைந்தது, தட்டைக் கண்ணாடி உட்காரவே உட்காராது. பதப்படுத்திய கண்ணாடியை வாங்கி அளவுக்கு அறுத்துக்கொள்ளலாம் என்றால் அதுவும் நடக்காது, கட்டர் வைத்த உடனே உதிர்ந்துவிடும். ஆக, அந்தக் காருக்கென்றே வார்த்த கண்ணாடி கிடைத்தால்தான் உண்டு.

கடைசியில், பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் புதுப்பேட்டை. பின்னால் பாலித்தீன் ஷீட்டை ஒட்டிக்கொண்டு, அது வழியெல்லாம் படபடவென்று அடிக்க, பக்கவாட்டுக் கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்டிப் போனேன். பின்பக்கம் திறந்திருந்தால் சைலன்சர் புகை சுழன்று உள்ளே வரும், ஏசி போட்டு மூடிக்கொண்டு போனால் தலைவலியோடு நிற்காது. கூவம் பக்கத்துச் சந்து ஒன்றில் ஒரு பாய் பழைய கண்ணாடிகளைச் சாக்கு வைத்து அப்பளக் கட்டு மாதிரி அடுக்கி வைத்திருந்தார். ஒன்றை உருவினார். கல்கத்தாவில் டாக்ஸி ஓடிய வண்டியின் கண்ணாடியாம். மூலையில் பாதுகாப்புக் கண்ணாடிக்கான ஐஎஸ் 2553 முத்திரை தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னார், அப்புறம் விளிம்பு முழுக்க நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு அதை ஓரமாக வைத்துவிட்டார். "இது வேணாம் சார், விளிம்புல ஒரு சில்லு போயிருக்கு. நடுவுல குத்தினாலும் தாங்கும், விளிம்புல தட்டினா போச்சு." விற்கிற பொருளை வேண்டாம் என்று சொன்ன மனுஷன். அடுத்ததைத்தான் வாங்கினேன்.

மாட்டியதும் அவருடைய ஆட்கள்தான். கண்ணாடியைச் சுற்றிப் பிடிக்கும் ரப்பர் பட்டையான பழைய பீடிங்கை உரித்தால் அடியில் இரும்பு ஓரம் முழுக்கத் துரு, ரப்பர் இறுகி வெடித்து வருஷக்கணக்காகத் தண்ணீர் நின்றிருக்கிறது, மழைக்காலத்தில் டிக்கியில் வரும் ஈர வாடைக்குக் காரணம் இப்போதுதான் தெரிந்தது. கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, காய்ந்த பிறகு புது பீடிங்கை வெயிலில் அரை மணி நேரம் போட்டு இளக்கி, கண்ணாடியைச் சுற்றி மாட்டினார்கள். அதற்கு மேல்தான் வித்தை. பீடிங்கின் உள்பக்க வாயில் சுற்றிலும் நைலான் கயிற்றைத் திணித்து, இரண்டு முனையையும் கீழே நடுவில் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி விட்டு, ஷாம்பு தண்ணீர் தடவி, வெளியில் இருந்து கண்ணாடியை ஜன்னலில் வைத்தார்கள். பாய் உள்ளே உட்கார்ந்து கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க இழுக்க ரப்பர் உதடு இரும்பு ஓரத்தைத் தாண்டி உள்ளே மடிந்து உட்காருகிறது, வெளியே இருக்கும் தம்பி கயிறு வரும் இடத்துக்கு நேராக உள்ளங்கையால் தட்டிக்கொண்டே போகிறான். சுத்தியல் கிடையாது, கத்தி கிடையாது. மூலை வரும்போது மட்டும் "மெதுவா தம்பி, மெதுவா" என்று உள்ளே இருந்து குரல். முப்பத்தைந்து நிமிஷம். அப்புறம் மேலே இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றி, நான் டிக்கிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன், ஒரு சொட்டு வரவில்லை.

கண்ணாடி 3,000, பீடிங் 1,200, கூலி 800, பெயிண்ட் சாமானுக்கு 350. மொத்தம் 5,350 ரூபாய். பெட்ரோல், மூன்று நாள் லீவு எல்லாம் கணக்கில் சேர்க்கவில்லை. பீடிங்கும் துருவும் எப்படியும் என் தலையில் விழவேண்டியவை, அதனால் கண்ணாடிக்கும் கூலிக்கும் சேர்த்து 3,800 கேட்கிறேன். அதைப் பராமரிப்புக் கட்டணத்தில் கழித்துக்கொண்டாலும் சரி. நோட்டீஸைத் திரும்பப் பெறவேண்டும். மரமேறுகிறவரைக் கூப்பிடவேண்டும், அவர் கேட்கும் கூலியைக் கொடுத்து.

கடைசி விஷயம் ஒரு வாரமாக மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது கண்ணில் படுகிறது. ஏ பிளாக் தென்னையில் மூன்று குலை முற்றிப் பழுப்பேறி நிற்கிறது, அதற்கு நேர் கீழே நிற்பது பொருளாளரின் வெள்ளைக் கார். பொருளாளர் சார், உங்கள் காரில் கயிறு வேலை நடக்காது. பின் கண்ணாடியைப் பசை போட்டு உடம்போடு ஒட்டியிருப்பார்கள், பழைய பசையைக் கம்பியால் அறுத்தெடுத்து, பிரைமர் அடித்து, புதுப் பசை இறுகும் வரை வண்டியை எடுக்கக்கூடாது. பனி போக்கும் கோடுகளின் ஒயரை வேறு திரும்ப இணைக்கவேண்டும். எதற்கும் இன்றைக்கு ராத்திரி கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
சி பிளாக், இரண்டாவது மாடி, அம்பாசடர்காரன்